கப்பல் தெர்பாங்

— அந்தக் கயிற்றைத் தாண்டி வராதே ரமணி. அது பார்வையாளர் எல்லை.

— நான் பார்வையாளர் இல்லண்ணே. இந்த இடத்துல பிள்ளை பெத்தவ. என்னா இது, கண்ணாடிப் பொட்டியெல்லாம் வச்சு எழுதிப் போட்டிருக்கீங்க?

— படி. மூணு மொழியில இருக்கு.

— "நீர்மூழ்கிகளைத் தாக்கும் குண்டுகள் வைக்கப்பட்ட அறை." அலாமா! குண்டா? ரொட்டி சானாய்க்கு மாவு மூட்டை அடுக்கின ரூம் லா இது! அந்த மூலையில நெய் டின்னு. நான் படுத்தது மாவுச் சாக்கு மேல.

— மாவு மூட்டையெல்லாம் சரித்திரம் ஆகாது. அப்புறம், அண்ணேன்னு கூப்பிடாதே. மைக் சோதனை ஓடிக்கிட்டிருக்கு, கெலுகோர் பூரா கேக்கும்.

— சரி டத்தோ. மைக்கை அடைங்க. நான் பேச வந்தது வெளியில கேக்க வேணாம். ஷர்மினி எதிர்த்தாப்புல பஸ் ஸ்டாப்புல உட்கார்ந்திருக்கா.

— ஏன் வெளியில? உள்ள வரச் சொல்லு. அதாகப்பட்டது, சனிக்கிழமை திறப்பு விழாவுல அவளை மேடை ஏத்தலாம்னு இருக்கேன். "பறக்கும் படகில் பிறந்த ஒரே மலேசியப் பெண்!" கைத்தட்டல் பிச்சுக்கிட்டுப் போகும்.

— அதே வார்த்தைய என்கூட வந்து பதிவு ஆபீஸ்ல சொல்லுங்க. அவ மலேசியப் பெண்ணே இல்லன்னு அங்க சொல்றாங்க.

— இன்னுமா அந்தச் சிக்கல் தீரல?

— எப்படித் தீரும்? பிறப்புப் பத்திரத்துல பிறந்த இடம்னு போட்ட கட்டத்துல கப்பல் தெர்பாங்னு அடிச்சிருக்கு.

— இந்தப் பழைய விமானத்துல நடத்தின நம்ம கடையோட பேரு. அழகான பேரு. நான் வச்சது.

— நீங்க வச்சதுதான் டத்தோ. என் வீட்டுக்காரரு செல்லமுத்து, பிள்ளை பிறந்ததைப் பதியப் போனாரு. துறையூர்லேர்ந்து ரொட்டி போட வந்த புதுசு, மலாய்ல அவருக்குத் தெரிஞ்சது பொட்டலம் கட்டறதுக்கு "பூங்குஸ்"ஸும், இங்கேயே சாப்பிடறதுக்கு "மாக்கான் சினி"யும்தான். பிள்ளை எங்க பிறந்துச்சுன்னு கேட்டிருக்காங்க. கப்பல் தெர்பாங்லன்னு கடை பேரைச் சொல்லியிருக்காரு. மலாய்ல ஏரோப்ளேனுக்கே அதானே பேரு? கவுண்டர்ல இருந்தவங்க வாயைப் பொளந்துட்டு, எந்த ஏரோப்ளேன், நம்பர் என்னான்னு கேட்டாங்க. இவரு முழிச்சுட்டு உங்களுக்குப் போன் போட்டாரு.

— போட்டான். ஞாபகம் இருக்கு. பாவம், பேச்சே குழறுச்சு.

— நீங்களாவது அது கடைன்னு சொல்லியிருக்கலாம். விமானத்தோட வால்ல இருந்த அஞ்சு எழுத்தையும் ஒண்ணொண்ணா நிறுத்தி நிதானமா சொன்னீங்க.

— அந்த அஞ்சு எழுத்து சாதாரண எழுத்தா? இந்த விமானம் இராணுவத்துலேர்ந்து ஓய்வு வாங்கினதும், தீவு தீவா டூரிஸ்டை ஏத்திக்கிட்டுப் பறக்கறதுக்கு, அது முதல்ல இருந்த நாட்டு அரசாங்கம் கொடுத்த பதிவு. இன்னைய வரைக்கும் நீக்கப்படல. அதுக்கு ஒரு மரியாதை இருக்கு.

— அந்த மரியாதைதான் என் பிள்ளை தலையில உட்கார்ந்திருக்கு. வெளிநாட்டுப் பதிவு உள்ள விமானத்துல பிறந்தா வெளிநாட்டுல பிறந்த மாதிரியாம். அப்பன் வெளிநாட்டு ஆளு, பெர்மிட்டு முடிஞ்சு போனவரு போனவருதான். அம்மா மட்டும் இங்க பிறந்தவன்னா அது பத்தாதாம். மாவுச் சாக்கு மேல படுத்துக்கிட்டே நான் வெளிநாடு போயிட்டு வந்திருக்கேன் டத்தோ. டிக்கெட்டு இல்ல, பாஸ்போர்ட்டு இல்ல.

— சிரிக்காதே. எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு.

— நான் எங்க சிரிச்சேன்? பன்னெண்டு வயசுல கிளாஸே வரிசையா அடையாளக் கார்டு, ஐசி எடுக்கப் போச்சு. இவளும் தலை வாரி, பூ வச்சு, போட்டோவுக்கு நிக்கறேன்னு போனா. அங்கதான் விஷயமே தெரிஞ்சுது. திரும்பி வர்ற பஸ்ல எல்லாப் பிள்ளைங்களும் கார்டுல மூஞ்சி எப்படி விழுந்திருக்குன்னு பார்த்துச் சிரிக்குதுங்க. இவ ஜன்னலைப் பார்த்துக்கிட்டே வந்திருக்கா. டீச்சர் சொன்னாங்க.

— ஓட்டப் பந்தயத்துல கெட்டிக்காரின்னு கேள்விப்பட்டேனே?

— ஓடினா. ஜெயிச்சா. மாநிலத்துக்கு ஓட ஐசி வேணும்னாங்க. ஷூவை பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துட்டா. பள்ளிக்கூடத்துல அவ பட்டப் பேரு என்னா தெரியுமா? ஏலியன். இப்ப பரீட்சையில நல்லா வாங்கியிருக்கா. இந்தா, இங்கேர்ந்து பார்த்தா தெரியுது யுனிவர்சிட்டி. அதுல ஃபாரம் போடணும்னா வெளிநாட்டு மாணவின்னு போடணும். எந்த நாடுன்னு கேட்டா நான் எதைச் சொல்றது? துறையூர்க்காரன் நாட்டையா, இந்த வாலுல இருக்கற அஞ்சு எழுத்தையா?

— மேல் முறையீடு...

— போட்டாச்சு. திருப்பி அனுப்பியாச்சு. அடுத்த மாசம் பதினெட்டு முடியுது. அதுக்குப் பிறகு இந்த வழியே கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. போன வாரம் சோறு தின்னுக்கிட்டே கேக்குறா, "ஏம்மா, கொஞ்சம் அடக்கிக்கிட்டு ரோட்டுக்கு வந்து பெத்திருக்கக் கூடாதா?"

— அவ்வளவு கோவமா அவளுக்கு?

— கோவமா கேக்கலண்ணே. கோவமா கேட்டிருந்தா ரெண்டு போட்டிருப்பேன். ஊறுகாய் எடுத்துக் குடுன்னு கேக்கற மாதிரி கேட்டா.

— நான் என்ன பண்ணணும்?

— ஆபீஸ்ல ஜெயலெட்சுமின்னு ஒரு மேடம் புதுசா வந்திருக்காங்க. பழைய ஃபைல் கட்டெல்லாம் பிரிச்சுப் படிச்சாங்க. விமானத்தோட சொந்தக்காரரே வாயால சொன்னா பார்க்கலாம்னு சொல்லியிருக்காங்க. அன்னைக்கு இது பறக்கல, இது கடை, இங்கதான் கிடந்துச்சுன்னு. அவ்வளவுதான்.

— பறக்கலன்னா?

— பறக்கலன்னுதான்.

— ரமணி, நான் என்ன சொல்ல வர்றேன்னா, நீ விஷயத்தோட கனத்தைப் புரிஞ்சுக்கணும். இந்தப் பேச்சைக் கேளு, சனிக்கிழமை பேசறதுக்கு வச்சிருக்கேன். "ஓய்வுபெற்ற போர்ப்படைப் பறக்கும் படகுகளின் குடிமை மறுவாழ்வு. ஒன்று காட்டுத்தீயின் மேல் நீரைக் கொட்டியது. ஒன்று தீவுதோறும் கடிதமும் கோழிக்குஞ்சும் சுமந்தது. ஒன்று செல்வந்தர் ஒருவரின் மிதக்கும் மாளிகையாயிற்று. ஒன்று ஒரு பள்ளிக்கூட வாசலில் கம்பத்தின் மேல் நிறுத்தப்பட்டு, மழையில் குருவிகளுக்கு வீடாயிற்று. இதுவோ..."

— இதுவோ மீன் தலைக் கறி போட்டுச்சு.

— "இதுவோ கடல் கடந்து, ஆழிப்பெருவெளியைத் தன் சிறகால் அளந்து, ஒரு தமிழனை முன் இருக்கையில் சுமந்து பினாங்கு மண்ணில் வந்திறங்கிற்று!" அதுக்குத்தான் எனக்கு டத்தோ பட்டம். அந்த ஒரு பறப்புக்குத்தான் இந்தக் காட்சியகம். நாளிதழ்ல வந்திருக்கு, சிறப்பு மலர்ல வந்திருக்கு. அது பறக்கலன்னு நான் போயி வாக்குமூலம் கொடுக்கணுமா?

— டத்தோ, இது சரக்குப் படகுல, தொங்கான்ல வந்துச்சு.

— மெதுவா.

— இறக்கை தனியா, வால் தனியா, உடம்பு தனியா. அலையில நனையாம நீல கன்வாஸ் போட்டு மூடி, தொங்கான்ல வந்துச்சு. எஞ்சினே இல்ல, அது இருந்த ஓட்டையில மைனா கூடு கட்டியிருந்துச்சு. கரையில நீங்க குடை பிடிச்சுக்கிட்டு நின்னீங்க. நான் உங்களுக்குப் பால் இல்லாத டீ, தே ஓ வாங்கிட்டு வந்து கொடுத்தேன், பையில கட்டி.

— அந்தத் தொங்கான்காரன் செத்துட்டான்.

— நான் சாகல.

— உன் பேச்சை அவங்க எடுக்க மாட்டாங்க.

— அதான் எடுக்கலயே! தாய் பேச்சு செல்லாதாம், மகளுக்காகப் பொய் சொல்லுவேனாம். அப்புறம் அந்தப் பேப்பரை எடுத்துக் காட்டுறாங்க. "வானில் பிறந்த வைரம்." நீங்கதான் பேப்பர்க்காரனைக் கூப்பிட்டீங்க. தொப்புள் கொடி கட்டினது காயல, அதுக்குள்ள போட்டோ. பெட்ஷீட்டை மூஞ்சி வரைக்கும் இழுத்துக்கிட்டேன். பினாங்குக்கு மேல பறந்துக்கிட்டிருக்கும்போது பிறந்துச்சுன்னு நீங்களே சொன்னீங்க.

— விளம்பரத்துக்குச் சொன்னது. வியாபாரத்துல ரெண்டு வார்த்தை கூடக் குறைய வரும்.

— அந்த ரெண்டு வார்த்தையிலதான் என் மக அந்தரத்துல தொங்குறா.

— ஒரு யோசனை சொல்றேன். விழா முடியட்டும். பெரிய மனுஷங்க வருவாங்க. மேடையிலேயே நான் அவங்க காதுல போடறேன். ஷர்மினி பூச்செண்டு கொடுக்கட்டும்...

— பூச்செண்டு கொடுக்கவும் ஐசி கேப்பாங்க டத்தோ. பெரிய மனுஷங்க வர்ற இடம்.

— குத்தாதே.

— நான் குத்தல. வர்ற வழியில வெளியில பெரிய பலகை பார்த்தேன். இந்த மாநிலத்தோட பாரம்பரியச் சொத்துன்னு போட்டிருக்கு. வெளிநாட்டுல செஞ்ச தகரம், வெளிநாட்டுப் பட்டாளத்துல வேலை பார்த்து, வெளிநாட்டுல டூரிஸ்ட் ஏத்திட்டு, கிழடானதும் இங்க வந்துச்சு. அதுக்கு மறுவாழ்வும் கொடுத்து, குடியுரிமையும் கொடுத்துட்டீங்க. அதுக்குள்ள பிறந்த பிள்ளை பஸ் ஸ்டாப்புல உட்கார்ந்திருக்கு. அவ கேட்டா, "நான் உள்ள வந்தா என்னையும் கண்ணாடிக்குள்ள வச்சிருவாங்களாம்மா?"

— போதும் ரமணி.

— போதும்தான். எனக்கும் அலுத்துப் போச்சு. நேத்து வரைக்கும் உங்க மேல கோவம் இருந்துச்சு. இன்னைக்கு அதுவும் இல்ல. காலையில இவ சொல்றா, துறையூர்ல அப்பாவைத் தேடிப் போகலாம், அங்கயாவது ஒரு கார்டு கொடுப்பாங்களான்னு. போறதுக்கு ஒரு பாஸ்போர்ட்டு வேணும்டின்னு சொன்னேன்.

— அன்னைக்கு மழை.

— என்னா?

— நீ பெத்த அன்னைக்கு. மத்தியானம் கூட்டம். திடீர்னு நீ கத்தற சத்தம். செல்லமுத்து கையில ரொட்டி மாவோட அப்படியே நிக்கிறான், வீசவும் இல்ல கீழ போடவும் இல்ல. ஆம்புலன்ஸ்காரன் ரோட்டுலயே நிறுத்திட்டான். பலகைப் பாலம் வழுக்குது, நான் வர மாட்டேன்னான். நான்தான் பிள்ளைய மேஜை விரிப்புல சுத்தித் தூக்கிக்கிட்டு இறங்கினேன். கடல் வத்திக் கிடந்துச்சு. முழங்கால் வரைக்கும் சேறு. ஒரு சிலிப்பர் உள்ள போயிருச்சு. பிள்ளை அழவே இல்ல. எனக்குப் பயமாயிருச்சு. நடுச் சேத்துல நின்னு அதோட உள்ளங்கால்ல சுண்டினேன். வீல்னு கத்துச்சு பாரு.

— நீங்களும் அழுதீங்க. நான் பின்னாடி, கடைப் பசங்க தூக்கிட்டு வந்த ஸ்ட்ரெச்சர்லேர்ந்து பார்த்தேன்.

— மழைத் தண்ணி.

— சரிண்ணே. மழைத் தண்ணி.

— எனக்குப் பிள்ளை குட்டி இல்லைன்னு ஊருக்கே தெரியும். அன்னைக்கு அந்த... சரி, விடு. அந்த மேடம் நம்பர் இருக்கா?

— அண்ணே?

— போடு. மனசு மாறுறதுக்குள்ள போடு. ஆபீஸ் சாத்திடப் போறாங்க.

— போயிருச்சு, மணி அடிக்குது. ஸ்பீக்கர்ல போடறேன்... மேடம், ரமணி பேசறேன். ஷர்மினியோட அம்மா. விமானத்தோட முதலாளி பக்கத்துல இருக்காரு.

— வணக்கம். நான் ஜெயலெட்சுமி. டத்தோங்களா? ஒரு விஷயம் சொல்லிடறேன், நீங்க சொல்றதை அப்படியே எழுதி மேல அனுப்பிடுவேன். நாளைக்கு வந்து சத்தியம் பண்ணிக் கையெழுத்து வைக்கணும். பிறகு மாத்த முடியாது.

— புரியுது அம்மா. அதாகப்பட்டது...

— சுருக்கமா சொன்னா போதும் டத்தோ. பிள்ளை பிறந்த நேரத்துல விமானம் பறந்துக்கிட்டிருந்துச்சா?

— இல்ல.

— பினாங்குக்கு வந்த பிறகு எப்பவாவது பறந்துச்சா?

— இல்லம்மா. வந்த பிறகும் இல்ல. வரும்போதும் இல்ல. தொங்கான்ல வந்துச்சு. எஞ்சின் கிடையாது. நான் முன் இருக்கையில உட்கார்ந்து வரல. கரையில குடையோட நின்னேன். பேப்பர்ல வந்ததெல்லாம் நான் விட்ட கதை.

— நன்றி டத்தோ. இதைச் சொல்ல பெரிய மனசு வேணும். ரமணி, கேக்குதாம்மா? விமானம்ங்கற சிக்கல் இதோட முடிஞ்சுது.

— கேக்குது மேடம். கேக்குது. கண்ணு... ஒண்ணும் தெரியல, கேக்குது.

— அழாதீங்க. ஒரே ஒரு கட்டம் பாக்கி இருக்கு. டத்தோ, இது படகும்தானே? கப்பலுக்கும் விமானத்துக்கும் சட்டம் ஒண்ணுதான், எங்க பதிவோ அங்க பிறந்த கணக்கு. அதனால கேக்கறேன். கடை நடந்தப்ப இது தண்ணியில மிதந்துச்சா, தரையில உட்கார்ந்திருந்துச்சா? தரையிலன்னா பிரச்சினையே இல்ல. அது ஒரு கட்டடம், இந்த மண்ணுல இருக்கற கடை. இங்க பிறந்த பிள்ளைன்னு நானே எழுதி அனுப்பிடுவேன். மிதந்துச்சுன்னா என் கையில ஒண்ணும் இல்ல.

— சொல்லுங்கண்ணே. சேறுன்னு சொல்லுங்க. இப்பத்தானே சொன்னீங்க, முழங்கால் வரைக்கும்னு.

— ஒரு நிமிஷம் அம்மா. ரமணி, போனைக் கையால பொத்து.

— எதுக்குண்ணே? சொல்லிடுங்க லா.

— பொத்து. இங்க பாரு. பறக்கலன்னு சொல்லிட்டேன். அது எங்க வேணும்னாலும் போகட்டும். சனிக்கிழமை பேச்சுல பறந்ததை அடிச்சுட்டு, மிதந்ததுன்னு மாத்திக்கலாம்னு மனசுக்குள்ள நினைச்சுக்கிட்டுத்தான் சொன்னேன். நாட்டின் முதல் மிதக்கும் உணவகம். பலகையில அது தனியா பொறிச்சிருக்கு, பித்தளையில. இப்ப மிதக்கவும் இல்லைன்னா?

— இல்லைன்னா என்னாண்ணே? அடியில கை நுழையற ஓட்டை. என்னைக்கு மிதந்துச்சு? கடல் ஏறும்போது போட்டோ எடுத்தா மிதக்கற மாதிரி தெரியும், அவ்வளவுதான்.

— பறக்கவும் இல்ல, மிதக்கவும் இல்லைன்னா இது என்னா ரமணி? பழைய இரும்பு. இதுக்கு டத்தோ பட்டம் வாங்கினவன் யாரு?

— பட்டர்வொர்த்துல பழைய இரும்பு வாங்கி வித்த அய்யாக்கண்ணு. நல்ல மனுஷன்ணே அவரு. சேத்துல இறங்கினது அவருதான், டத்தோ இல்ல.

— ஹலோ? லைன்ல இருக்கீங்களா? எனக்கு கவுண்டர் சாத்தணும்.

— இருக்காரு மேடம்! இந்தா சொல்லுறாரு. அண்ணே, கால்ல விழறேன். ஒரே வார்த்தை.

— இருக்கேன் அம்மா.

— உட்கார்ந்திருந்துச்சா, மிதந்துச்சா டத்தோ?

— மிதந்துச்சும்மா. அன்னம் மாதிரி மிதந்துச்சு.